நோயாளி கேட்டது

சிஸ்டர்,

போன வாரம் நம் ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டு அறையைக் காலி செய்தோம். இனி எல்லாம் கம்ப்யூட்டரில் என்று ஆகிவிட்டதால், பழைய கேஸ் ஷீட்டுகளைக் கட்டுக்கட்டாக இறக்கி, கரையான் அரித்ததைத் தனியாகவும் நல்லதைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவருகே போனதுமே பழைய காகித நெடி முகத்தில் அடித்தது. சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். மேலாகக் கிடந்த ஒரு ஃபைலில் உங்கள் கையெழுத்து. காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், போட்ட ஊசி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வரிசையாக எழுதிவிட்டு, அடியில் ஒரு வரி மட்டும் தமிழில் எழுதியிருந்தீர்கள். “நோயாளி கேட்டது: எடுத்த காலை எங்கே கொண்டுபோவீர்கள்?”

அதே பக்கத்தில், அதற்கு மேலே, சிவப்பு மையில் நான் எழுதியிருந்தேன்: “சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை.”

ஒரே மனிதரைப் பற்றி, ஒரே நாள் காலையில், இரண்டு பேர் எழுதியது. ஃபைலை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேல்ச்சாமியை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எனக்காக ஒரு தடவை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். சுந்தரபாண்டியத்துக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து தென்னை வைத்திருந்தார். சர்க்கரை நோயை வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, வலது காலில் முள் குத்திய புண் அழுகி, கட்டைவிரலும் பக்கத்து விரலும் கறுத்துப்போன பிறகு நம்மிடம் கூட்டி வந்தார்கள். காய்ச்சல் நூற்று மூன்று. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆள் பிழைப்பார். எடுக்காவிட்டால் இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள். இதை நான் தெளிவாகச் சொன்னேன். அவர் மனைவி அழுதார். வேல்ச்சாமி என் முகத்தைப் பார்த்து, “எடுத்த காலு எங்க போவும்?” என்று கேட்டார்.

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு வண்டிக்காரன் எடுத்துப்போவான், எரித்துவிடுவார்கள் என்று சொன்னேன். உண்மையைத்தானே சொன்னோம் என்ற நினைப்பு. அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலையை ஆட்டினார். காரணம் கேட்டால் சொல்லவில்லை. மறுநாள் காலை ரவுண்ட்ஸில் காய்ச்சல் இன்னும் ஏறியிருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. “சாகணும்னா வீட்டுல போய்ச் சாவுங்க. என் வார்டுல வேண்டாம்” என்று, எட்டுக் கட்டில்காரர்களும் கேட்கும்படி சொன்னேன். சிவப்பு மையில் எழுதியது அப்போதுதான்.

நீங்கள் வார்டில் என்னை மறித்துப் பேசியதே இல்லை. அன்றும் பேசவில்லை. வராந்தாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து நின்றீர்கள்.

“டாக்டர், அவிய வேண்டாம்னு சொல்லலை. எங்க போவும்னு கேக்காவ. அது வேற.”

“என்ன வேற? நேரம் போய்க்கிட்டிருக்கு சிஸ்டர்.”

“அரை மணி நேரம் குடுங்க. நான் செத்த நேரம் உக்காந்து கேட்டுட்டு வாரேன். பொறவு நீங்க டிஸ்சார்ஜ் எழுதுங்க.”

அரை மணி நேரம் கொடுத்தது பெருந்தன்மையால் அல்ல. எனக்கு ஒரு குடலிறக்க ஆபரேஷன் இருந்தது. அதை முடித்துவிட்டு வந்தால், வேல்ச்சாமியின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். அவர் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நீங்கள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நிற்கும்படி கையால் காட்டினீர்கள். டாக்டரை அப்படி நிறுத்தி வைக்கிற நர்ஸை நான் அதுவரை பார்த்ததில்லை. நின்றேன்.

அவர் சொல்லிக்கொண்டிருந்தது இது. எல்லையில் ஒரு கண்ணிவெடி. வேல்ச்சாமியோடு ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்த கருப்பையா, வத்திராயிருப்புக்காரர், அதில் போய்விட்டார். உடம்பு கிடைத்தது. ஒரு கால் கிடைக்கவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது, மேலும் வெடி இருக்கலாம், திரும்பச் சொல்லி உத்தரவு. தேடாமல் வந்துவிட்டார்கள். பெட்டியோடு ஊருக்கு வந்தவர் வேல்ச்சாமி. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கருப்பையாவின் அம்மா பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

“எம்புள்ள முழுசா வந்திருக்கானாய்யா?”

“ஆமாத்தான்னு சொல்லிட்டேன் சிஸ்டரம்மா. அந்த ஆத்தா போயிச் சேந்தாச்சு. ஆமான்னு நெனச்சுக்கிட்டேதான் போயிருக்கும். அவன் காலை நாய் நரி தின்னுச்சோ, என்னாச்சோ. இப்ப எங்காலு. இதையும் எவனோ பையில போட்டுத் தூக்கிட்டுப் போவான். போற எடத்துல கருப்பையா கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

நீங்கள் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை. நான் என்றால் உடனே ஏதாவது சொல்லியிருப்பேன். உத்தரவுக்குக் கட்டுப்பட்டீர்கள், உங்கள் மேல் தவறில்லை என்கிற மாதிரி. நீங்கள் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கிப் போட்டீர்கள். பிறகு, “உங்க காலை எங்க வைக்கணும்?” என்று கேட்டீர்கள்.

“எங்க தோப்புல. கெணத்துக்கு மேக்க.”

“அங்கேயே வைப்போம்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். இப்போது நீங்கள் பேசுங்கள் என்று அர்த்தம்.

நானும் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். குடும்பத்தார் எழுதிக்கொடுத்தால், முறைப்படி அனுமதி வாங்கி, அடக்கம் செய்யக் கொடுக்கலாம் என்றார்கள். இத்தனை வருஷம் அறுவை செய்திருக்கிறேன், அது எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். என் காதில் விழுந்திருக்காது.

அன்று மத்தியானமே அவர் காலை எடுத்தோம். நீங்கள் அதைக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, வேல்ச்சாமியின் மச்சினன் கையில் கொடுத்தீர்கள். குழந்தையை வாங்குகிற மாதிரி அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தோப்பிலிருந்து போன் வந்தது. போனை வேல்ச்சாமியின் காதில் வைத்தீர்கள். “வச்சாச்சு மாமா, உப்புப் போட்டு வச்சாச்சு” என்று மச்சினன் சொன்னது எனக்கே கேட்டது. வேல்ச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு இறங்கிய காய்ச்சல் மருந்தால் இறங்கியதுதான். அதை நான் இப்போதும் சொல்வேன், நீங்களும் மறுக்க மாட்டீர்கள். ஆனால் மருந்தை உள்ளே விடுவதற்கு ஒரு ஆள் சம்மதிக்க வேண்டியிருக்கிறதே, அந்தச் சம்மதம் என் மருந்தால் வந்ததல்ல.

இத்தோடு கதை நன்றாக முடிந்தது என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் தெரியும், முடியவில்லை. புண் ஆறி, செயற்கைக் கால் பொருத்தி, கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் வேல்ச்சாமி ஒன்று கேட்டார். கருப்பையாவின் தங்கை வத்திராயிருப்பில்தான் இருக்கிறாள், அவளிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும், தனியாகப் போகத் தைரியமில்லை, கூட வருவீர்களா என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினீர்கள். திங்கட்கிழமை டியூட்டிக்கு வந்தபோது உங்கள் முகம் சரியில்லை.

“அந்தம்மா கேட்டுட்டு எந்திரிச்சிட்டாங்க டாக்டர். ‘எங்கம்மா உயிரோட இருக்கும்போது சொல்லாம இப்ப எதுக்கு வந்து சொல்லுதீய? உங்க பாரத்த எறக்கி வைக்க எங்க வீடுதான் கெடச்சுதா?’ன்னு கேட்டாங்க. கதவச் சாத்திட்டாங்க. நான் தப்புப் பண்ணிட்டனோன்னு இருக்கு. அந்தம்மா நிம்மதியா இருந்தவங்க. அவங்களுக்கு இப்ப யாரு பதில் சொல்லுறது?”

இந்த மாதிரி வேலையில் இறங்கினால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு பேச்சு நான் சொன்னதாக நினைவு. அதற்காக வெட்கப்படுகிறேன். இரண்டு வாரம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. வேல்ச்சாமி சர்க்கரை மாத்திரை வாங்க வந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். அவர் சிரித்தார்.

“அவ திட்டுனது நல்லதுதான் சிஸ்டரம்மா. எம்புட்டு வருசமா எல்லாரும் பட்டாளத்தாரு பட்டாளத்தாருன்னு மாலையப் போட்டாவ. ஒருத்தராச்சும் திட்டணும்னுதான் இருந்தேன்.”

ஆன்மிகத் தேவை என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குத் திருநீறும் பிரசாதமும்தான் ஞாபகம் வரும். நான் கோயில் குளம் போகாத ஆள் என்பதால், அது என் துறை அல்ல என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு மனிதனுக்குத் திட்டு வாங்குவதும் தேவையாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அதன் பிறகு, வார்டில் நீங்கள் எழுதுகிற அந்தக் கடைசித் தமிழ் வரியை நான் முதலில் படிக்கத் தொடங்கினேன். ஒருவர் கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பச் சொல்லியிருப்பார். ஒருவர் தொழுகை நேரத்தில் ஊசி வேண்டாம் என்றிருப்பார். ஒருத்தி ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுக்க மாட்டேன், அம்மா கையில் கொடுக்கிறேன் என்றிருப்பாள். பாதிக்கு மேல் சின்னக் காரியங்கள்தான். நாம் செய்து கொடுத்தோம். முடியாததை முடியாது என்று சொன்னோம்.

பிறகு நீங்களே அந்த வார்டுக்கு வந்தீர்கள்.

கணையத்தில் கட்டி. மதுரையில் பார்த்துவிட்டு, இனி வலிக்கு மட்டும் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் அண்ணன் வீட்டில் இருக்கலாம்தான். நீங்கள் இங்கேதான் என்று பிடிவாதமாக இருந்தீர்கள். மலை தெரிகிற மூலை அறையை ஒதுக்கினோம். தினமும் கோயிலில் கும்பிட்டுவிட்டு விடியற்காலைப் பஸ் ஏறி டியூட்டிக்கு வந்தவர் நீங்கள், அதனால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் துளசியும் தீர்த்தமும் பிரசாதமும் கொண்டுவந்தார்கள். ஜன்னல் மேடை நிறைந்துபோனது. அண்ணன் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பாசுரம் சொல்வார். நீங்கள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வீர்கள்.

நான் காலையும் மாலையும் வந்து வலி எத்தனை, தூக்கம் எப்படி, மலம் போனதா என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இருபது வருஷம் உங்களோடு வேலை பார்த்தவன், உங்களுக்கு என்ன வேண்டும் என்ற அந்த ஒரு கேள்வியை உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவீர்களே என்ற பயம்.

ஒரு மத்தியானம், அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். “உக்காருங்க டாக்டர்” என்றீர்கள். உட்கார்ந்தேன்.

“ஒண்ணு சொல்லணும். வீட்டுல சொல்ல முடியாது, அண்ணன் ஒடஞ்சு போயிருவாங்க. எனக்குக் கும்பிட வரமாட்டேங்குது. வாய் சொல்லுது, உள்ள ஒண்ணுமே இல்ல. கூப்புடுதேன், கூப்புடுதேன், அங்க ஆளு இருக்கற மாதிரியே தெரியலை. இந்த நோவு கூட தாங்கிக்கிடுவேன். இது தாங்கல.”

நான் உடனே, அது மருந்தின் வேலையாக இருக்கும், அளவைக் குறைத்துப் பார்க்கலாம் என்றேன். நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க சிஸ்டர்? நான் நம்பாத ஆளு.”

“அதனாலதான். நம்புறவங்க கேட்டா பயந்துருவாங்க. உடனே எனக்குச் சமாதானம் சொல்லுவாங்க. நீங்க சும்மா கேட்டுக்கிடுவீங்க.”

நானும் பயந்துதான் போனேன். உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. உங்களுக்கே யாரும் இல்லை என்றால் மற்றவர்கள் எல்லாம் எந்த நம்பிக்கையில் இருக்கிறார்கள் என்று, நம்பாதவனுக்கே ஒரு கணம் தரை நழுவியது. பிறகுதான் கேட்டேன், என்ன செய்ய வேண்டும் என்று.

“சரி பண்ண வேண்டாம். நாலு மணிக்கு வந்து கொஞ்ச நேரம் இருங்க. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.”

பதினேழு நாள் வந்தேன். அந்த நேரத்துக்குப் புறநோயாளிகளை நிறுத்தி வைத்தேன். சில நாள் நீங்கள் கோபமாகப் பேசினீர்கள், யார் மேல் என்று சொல்லாமல். சில நாள் ஒன்றுமே பேசாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரசாதம் கொண்டுவருகிறவர்களைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றீர்கள், வாசலில் பார்வையாளர் வரவேண்டாம் என்று போர்டு மாட்டினேன். வேல்ச்சாமி மட்டும் போர்டைப் படித்துவிட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். வெறுங்கையோடு வந்திருந்தார். உங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சிஸ்டரம்மா, யாரையாச்சும் திட்டணும் போல இருந்தா என்னைத் திட்டுங்க. நான் இங்கதான் இருக்கேன்” என்றார். அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. நோய்வாய்ப்பட்ட பிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து, அதிலேயே அழுதீர்கள். அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

கடைசி இரண்டு நாள் நீங்கள் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில், அண்ணன் வந்து சேருவதற்குள் போய்விட்டீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன்.

இப்போது, சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து உங்கள் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உங்கள் வெள்ளைக் கோட்டையும் டிபன் பாக்ஸையும் வாங்கிக்கொள்ள வந்தவர், என் அறையில் உட்கார்ந்து கேட்டார்.

“கடைசில நான் இல்லாமப் போயிட்டேன். பெருமாளக் கூப்பிட்டாளா டாக்டர்?”

சிஸ்டர், அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். பெட்டி மேல் கை வைத்துக்கொண்டு ஒரு தாய் கேட்ட கேள்வி அது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். அந்த ஆமாம் ஒரு மனிதரை எத்தனை வருஷம் தின்றது என்று நானும் நீங்களும் கிட்டத்தில் பார்த்தவர்கள். இல்லை, அவளுக்கு உள்ளே ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது என்று சொன்னால், நீங்கள் சொல்லக் கூடாது என்றதைச் சொன்னதாகும். பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசி வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க” என்றேன்.

உங்கள் வாயால் நீங்களே சொன்னதுதான். கூப்புடுதேன், கூப்புடுதேன் என்று. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அண்ணன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு என் கையைப் பிடித்து, “அது போதும்” என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

நான் சொன்னது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. உங்களைக் கேட்க முடிந்திருந்தால் சரி என்றோ தப்பு என்றோ சொல்லியிருப்பீர்கள். சில நாள் தோன்றுகிறது, பதில் வராத இடத்தைப் பார்த்துக் கடைசி வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்களே, கும்பிடுவது என்றால் அதைவிட வேறு என்ன என்று. நம்பாதவன் அப்படி நினைக்கலாமா என்று உடனே சந்தேகமும் வருகிறது. அண்ணனிடம் ஒரு பாதியைக் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டும் ஆள் இருக்கிற மாதிரி தெரியவில்லை என்று நீங்கள் சொன்ன மறுபாதி என்னிடம் இருக்கிறது. வெளியே எடுத்து யாரிடமும் காட்டியதில்லை. கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் இறக்கி வைக்க இடம் தேடவில்லை. என்னை நம்பித்தானே கொடுத்தீர்கள்.